ஹால் உந்துபொறி: சுவர் தேய்மானத்தைத் தடுத்தால் திறன் குறையுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 300 வோல்ட்டில் சுமார் 1.35 கிலோவாட் மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ 80 மில்லிநியூட்டன் உந்துவிசை தரும் எஸ்பிடி-100 போன்ற ஹால் உந்துபொறிகளில் (செனான் வாயுவை அயனியாக்கி, மின்புலத்தால் வெளித்தள்ளி விண்கலத்தை நகர்த்தும் பொறிகள்), செனான் அயனிகள் மோதிப் பீங்கான் சுவரின் வெளிவாய் ஓரம் தேய்ந்துவிடுகிறது. சுவரைத் தடிமனாக்கினால் போதாதா? வேறு வழியில் தடுத்தால் திறன் அடிபடுமா?

பதில் 1:
தடிமன் கூடினால் ஆயுள் கூடும்; ஆனால் எடையும் கூடும், தேய்மானமும் நிற்காது. பீங்கான் கரைந்து பின்னாலுள்ள காந்தமுனை (பொறிக்குள் காந்தப்புலத்தைத் தரும் பகுதி) வெளிப்படுவதே உண்மையான ஆபத்து. ஆகவே அயனிகள் சுவரை நோக்கி ஏன் முடுக்கப்படுகின்றன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வழக்கமான வடிவமைப்பில் காந்தப்புலக் கோடுகள் வெளிவாய்க்கு அருகே சுவரை வெட்டிச் செல்வதால், அங்குள்ள சூடான எலக்ட்ரான்கள் சுவரையொட்டிப் பெரிய மின்னழுத்தச் சரிவை உருவாக்குகின்றன. அதே கோடுகளைச் சுவருக்கு இணையாக வளைத்து, எலக்ட்ரான்கள் குளிர்ந்திருக்கும் ஆனோடு (நேர்மின்வாய்) பகுதிவரை நீட்டினால், ஒரு கோட்டின் நெடுகிலும் எலக்ட்ரான் வெப்பநிலை ஏறக்குறைய மாறாது என்பதால், சுவரோரத்திலும் அது சில எலக்ட்ரான் வோல்ட் அளவிலேயே நின்றுவிடும். எனவே அங்கே மின்னழுத்தச் சரிவும் சிறிதாகி, மோதும் அயனிகளுக்குப் பீங்கானைப் பெயர்க்கும் ஆற்றல் இராது. இதுவே காந்தக் கவசம். பிபிடி-4000 உந்துபொறி 10,000 மணி நேரத்துக்கும் மேலாகச் சோதிக்கப்பட்டபோது, ஏறத்தாழப் பாதி வழியில் சுவர்த் தேய்மானம் தானாகவே நின்றது. அதற்கான காரணத்தை ஆராய்ந்த நாசாவின் ஜெட் புரொப்பல்ஷன் ஆய்வகத்தினர் இந்த விளக்கத்துக்கு வந்து சேர்ந்தனர்.

கேட்டவர்:
மிக்க நன்றி. திறன் என்ன ஆகிறது?

பதில் 2:
அதே ஆய்வகம் எச்6 என்னும் 6 கிலோவாட் உந்துபொறியின் காந்தச் சுற்றை மாற்றிச் சோதித்ததில், சுவர்த் தேய்மானம் நூறு முதல் ஆயிரம் மடங்குவரை குறைந்தது. திறனில் ஏற்பட்ட இழப்போ மிகச் சிறிது. ஓட்டி முடித்தபின் சுவரைக் கண்ணால் பார்த்தாலே வேறுபாடு தெரியும். பழைய வடிவில் வெளிவாய் ஓரம் பளிச்சென்று வெளுத்திருக்கும். கவசமிட்டதில் ஓரம்வரை கறுத்திருக்கும். சோதனை நடக்கும் வெற்றிடக் கலத்தின் கிராஃபைட்டிலிருந்து தெறித்து வரும் கார்பன் படிகிறது. அதை அகற்றும் அளவுக்குக்கூட அங்கே அயனி மோதல் இல்லை என்று பொருள்.

பதில் 3:
இரண்டு பதில்களும் சரி. ஆனால் சுவர் தப்பியபின் முன்முகத்திலுள்ள காந்தமுனை மூடிகள் தேயத் தொடங்குகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது மிக மெதுவான தேய்மானமே. ஆனாலும் அதற்காகவே அம்மூடிகளைக் கிராஃபைட்டில் செய்கிறார்கள். இத்தகைய உந்துபொறியின் ஆயுளைக் கணக்கிடுவோர் அந்த மூடிகளையும், எலக்ட்ரான்களை உமிழும் கேதோடையும் முதலில் பார்க்க வேண்டும்.