சித்தப்பாவின் பியர் கிளாசில் ஒரு ‘யூ’: டொர்ட்முண்ட் ஆலைக்கு என்ன நடந்தது?

கொக்குவிலான் எழுதியது:

போன மாதம் சித்தப்பாவின் அறையை ஒதுக்கினோம். 85 இல் ஜேர்மனிக்குப் போய், இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். இப்போது இல்லை. அலுமாரியின் மேல்தட்டில், பழைய பேப்பரில் சுற்றி, ஆறு சின்னக் கிளாஸ்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தங்க நிறத்தில் ஒரு பெரிய ‘யூ’ எழுத்து, கீழே ‘டொர்ட்முண்டர் யூனியன்’. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடும் 0,2 என்ற எண்ணும். இதைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறந்ததே இல்லை. அவர் குடித்தும் நான் கண்டதில்லை.

தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் அந்த ஆலை 1994 இல் நின்றுபோனது என்கிறார்கள். இன்னோரிடத்தில் அதே பெயரில் பியர் இன்றைக்கும் விற்கிறது. எது சரி? ஒரே ஊரில் ஏன் இத்தனை கம்பனிகள்? யூனியன், ஆக்டியன், குரோனன், ஹன்சா, ரிட்டர், டீர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அம்மாவுக்கு வேறு கேள்வி: இந்தக் கிளாசில் தேத்தண்ணி குடிக்கலாமா?


கோண்டாவில் மாமா எழுதியது:

தம்பி, முதலில் அம்மாவுக்குப் பதில். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்ற வேண்டாம். மெல்லிய கண்ணாடி, வெடிக்கும். மோர் குடிக்கலாம்.

நான் 86 இலிருந்து பதினெட்டு வருடம் டொர்ட்முண்டின் வடக்குப் பகுதியில் இருந்தேன். அகதி விண்ணப்பம் போட்ட முதல் காலத்தில் வேலை செய்ய விடவில்லை. அனுமதி கிடைத்ததும் போன இடம் ஒரு மதுக்கடையின் குசினி, வேலை கிளாஸ் கழுவுவது. உங்கள் சித்தப்பாவின் கிளாஸ் மாதிரி எத்தனை ஆயிரம் இந்தக் கையால் போயிருக்கும் என்று கணக்கில்லை. கிளாசில் கொஞ்சம் எண்ணெய் பட்டாலும் பியரில் நுரை நிற்காது. அதனால் அவற்றுக்குத் தனித் தொட்டி, தனித் தூரிகை. சட்டி கழுவிய தண்ணீரில் ஒரு கிளாஸ் நனைந்தால் போதும், முதலாளி போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

வந்த புதிதில் எனக்குப் பிடிபட்டது அந்த ஊரின் வாசம்தான். ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் விடியக்காலையில் நெல் அவிக்கிற மாதிரி மணக்கும். கண்ணை மூடினால் வீட்டு முற்றம். பிறகுதான் அது முளைவிட்ட பார்லியை வேகவைக்கிற மணம் என்று ஒருவர் சொன்னார்.

ஏன் இத்தனை ஆலைகள் என்று கேட்டீர்கள். டொர்ட்முண்டுக்கு 1293 இலேயே நாஸாவ் வம்சத்து மன்னர் அடோல்ஃப் பியர் காய்ச்சும் உரிமையைக் கொடுத்துவிட்டார். குரோனன் தன் கணக்கை 1430 இலிருந்து தொடங்கும். ஆனால் அந்தப் பழங்காலத்துப் பியருக்கும் உங்கள் கிளாசில் ஊற்றிய பியருக்கும் பெரிதாக உறவில்லை. 1843 இல் குரோனனை நடத்திய வெங்கர் என்பவர் பவேரியா முறையில், குளிரில், மதுவம் (ஈஸ்ட்) தொட்டியின் அடியில் படிந்து நொதிக்கிற பியரை அந்த ஊருக்குக் கொண்டுவந்தார். நான்கு வருடத்தில், 1847 இல், கொலோன்–மிண்டன் ரயில் பாதை வந்தது. காலடியில் நிலக்கரி, அதனால் கொதிகலனுக்கு விறகுக் கவலை இல்லை. பக்கத்தில் இரும்பு உருக்கு ஆலைகள். உலைக்கு முன்னால் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவனுக்குத் தாகம் எப்படி இருக்கும்! ஆக்டியன் 1868 இல் தொடங்கியது, யூனியன் 1873 இல். அந்த ஐந்தாறு வருடத்துக்குள் முளைத்த ஆலைகளின் முழுப் பெயரையும் எழுதினால் இந்தத் திரி போதாது.

இன்னொன்று. குளிரில் நொதிக்கிற பியருக்கு முன்பெல்லாம் குளத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி நிலவறையில் அடுக்க வேண்டும். குளிர் குறைந்த வருடம் என்றால் தலையில் கைதான். 1870களில் லிண்டே என்ற பொறியியலாளர் குளிரூட்டும் இயந்திரத்தைச் செய்து, மியூனிக்கில் ஒரு பியர் ஆலையில் வைத்துத்தான் பரிசோதித்தார். அதற்குப் பிறகு வெயில் காலத்திலும் காய்ச்சலாம். இன்றைக்கு நம் வீட்டு ஃபிரிட்ஜின் முன்னோர்களில் ஒன்று பியருக்காகப் பிறந்தது என்று என் மனைவியிடம் சொன்னால், ‘உங்களுக்கு எல்லாம் அதிலேதான் போய் முடியும்’ என்பார்.

டொர்ட்முண்ட் பியருக்குப் பெயர் ‘எக்ஸ்போர்ட்’. வெளியூருக்கு ஏற்றி அனுப்பக் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சியது, நிறம் வெளிறிய பொன். கசப்பு, பில்ஸ் என்ற மற்ற வகைப் பியரை விடக் குறைவு. 1960கள் வரை ஜேர்மனியில் பெரும்பாலானோர் கேட்டது இதைத்தான்.

இப்போது உங்கள் ‘யூ’ (அங்கே ‘ஊ’ என்பார்கள்). 1926–27 இல் யூனியன் ஆலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோபுரம் கட்டியது. ஊரின் முதல் அடுக்குமாடி அதுதான். உள்ளே மனிதர் இருக்கவில்லை, பியர் இருந்தது: தட்டுத் தட்டாக நொதிக்கவும் ஆறவும் வைக்கிற அறைகள். போரில் டொர்ட்முண்டின் நடு நகரம் தரைமட்டம். 1945 மார்ச் 12 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் வந்து குண்டு போட்டன. கோபுரம் நின்றது. 1968 இல் அதன் உச்சியில் நான்கு பக்கமும் தெரியும்படி ஒன்பது மீற்றர் உயரத் தங்க ‘ஊ’ ஒன்றை ஏற்றினார்கள். வரைந்தவர் ஏர்ன்ஸ்ட் நொய்ஃபர்ட், கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகள் இன்றும் வைத்திருக்கும் அளவீட்டுப் புத்தகத்தின் ஆசிரியர். இரவு வேலை முடிந்து பாதை தெரியாமல் நின்றபோதெல்லாம் அந்த ‘ஊ’வைப் பார்த்து வீடு போயிருக்கிறேன். நல்லூர்க் கோபுரத்தைப் பார்த்துத் திசை பிடிப்பது போல. கோயிலையும் பியரையும் சேர்த்துப் பேசியதற்கு முருகன் மன்னிக்கட்டும்.

உங்கள் முதல் கேள்வியில் இரண்டு பதிலும் சரி. யூனியன் 1972 இல் பெர்லினின் ஷூல்ட்ஹைஸ் என்ற ஆலையோடு சேர்ந்தது. 1988 இல் அந்தக் கூட்டுக்கு ‘பிராவ் உன்ட் புருன்னன்’ என்று பெயர். 1994 இல் கோபுரத்தடியில் காய்ச்சுவது நின்றது, பெயர் மட்டும் வேறு கூரைக்கு மாறியது. இன்னொரு பக்கம் டீர் குரோனனுக்குள் போனது, குரோனன் 1996 இல் ஆக்டியனுக்குள் போனது. ஆக்டியன் ஏற்கனவே எட்கர் குழுமத்தின் கையில். அவர்கள் 2004 இல் பிராவ் உன்ட் புருன்னனையும் வாங்கினார்கள். எட்கர் என்றால் நம் பெண்கள் கேக்குக்குப் போடுகிற பேக்கிங் பவுடர்க் கம்பனியேதான். 2005 இலிருந்து இத்தனை பெயர்களும் ஸ்டைகர் தெருவில் ஆக்டியனின் ஒரே ஆலையில்தான். லேபிள் ஆறேழு, கொப்பரை ஒன்று.

விழுந்ததற்குக் காரணம் பியரின் தரம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குடித்த சனம் போய்விட்டது. நான் வந்த மறு வருடம், 1987 இல், ஊரின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான மினிஸ்டர் ஸ்டைன் மூடப்பட்டது. 2001 இல் ஃபீனிக்ஸ் இரும்பாலை நின்றது. அதைத் திருகாணி திருகாணியாகக் கழற்றிச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள், குழியில் இப்போது ஏரி. அதற்கு முன்னரே, 70களில், கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லாரும் பில்ஸுக்கு மாறிவிட்டார்கள். எக்ஸ்போர்ட் என்றால் கரிச்சட்டைக்காரன் குடிப்பது என்று ஆகிவிட்டது. எங்கள் கடையிலேயே வயதான சுரங்கத் தொழிலாளிகள்தான் அதைக் கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் மூலை மேசையில் ஒரு கதிரை காலியாகும்.


வடமராட்சியான் எழுதியது:

மாமா, வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: இத்தனை இயந்திரம், பனிக்கட்டி, நிலவறை எல்லாம் எதற்கு? எங்களிடம் முட்டியைக் கட்டிவிட்டு அடுத்த நாள் இறக்கினால் அதுவே கள்ளு. பொழுதுபடப் புளிக்கும். கருப்பணி வேண்டும் என்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு பூச வேண்டும், அவ்வளவுதான். தவறணைக்கு வெளியே பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்த என் தாத்தாவிடம் நீங்கள் லிண்டேயின் கதை சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

போத்தலில் அடைத்து விற்கிற பனங்கள்ளும் பனஞ்சாராயமும் எங்களிடம் இருக்கின்றன. ஆனால் கோபுரத்தின் மேல் ஒன்பது மீற்றர் ‘க’ இல்லை. யோசிக்க வேண்டியதுதான்.


இரசாயன ரீச்சர் எழுதியது:

வடமராட்சியானுக்கு: பனஞ்சாற்றில் வெல்லம் ஆயத்தமாக இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் உள்ள மதுவம் உடனே வேலையைத் தொடங்கிவிடும். பார்லியில் இருப்பது மாப்பொருள். மதுவத்தால் அதைத் தின்ன முடியாது. தானியத்தை முளைக்க வைத்து, உலர்த்தி, உடைத்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால்தான் அதன் நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்கும். பிறகு ஹொப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மதுவம் சேர்க்க வேண்டும். 1516 இன் பவேரியச் சட்டத்தில் பார்லி, ஹொப்ஸ், நீர் மூன்றையும்தான் எழுதினார்கள். மதுவத்தின் பெயர் அதில் இல்லை. மதுவம் ஓர் உயிர் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

மாமா தண்ணீரைச் சொல்ல மறந்துவிட்டார். டொர்ட்முண்டின் பழைய கிணறுகள் வன்னீர்க் கிணறுகள். எங்கள் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் தண்ணீரும் வன்னீர்தான், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது. காபனேற்று மட்டும் அதிகம் என்றால் வெளிறிய பியர் கரகரப்பாக இருக்கும். அங்கே கூடவே சல்பேற்றும் இருந்தது. அதனால்தான் எக்ஸ்போர்ட்டுக்கு அந்த உலர்ந்த, உறைப்பான முடிவு. பில்ஸ் பிறந்த பில்சன் நகரத்துத் தண்ணீர் மழைநீர் மாதிரி மென்மை, அதனால் அந்தப் பியரும் வேறு. வகுப்பில் வன்மை பற்றிப் படிப்பிக்கும்போது இந்த உதாரணத்தைச் சொல்ல ஆசை. பெற்றார் சங்கத்தை நினைத்து விட்டுவிடுகிறேன்.


கோண்டாவில் மாமா எழுதியது:

ரீச்சர் சொன்னது சரி. அங்கே என் கேத்தலிலும் அதே வெள்ளைதான், தேசிக்காய் போட்டுக் கழுவுவேன்.

வடமராட்சியானுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. பியரின் பெயர் கோபுரத்தில் மட்டும் இல்லை, மஞ்சள் கறுப்புச் சட்டையிலும் இருக்கிறது. 1909 டிசம்பரில் கத்தோலிக்கக் கோயில் இளைஞர் குழுவிலிருந்து பிரிந்த பெடியன்கள் ஒரு மதுக்கடையின் மேல்மாடியில் கூடிக் காற்பந்துக் கழகம் தொடங்கினார்கள். பெயருக்கு அலைந்தபோது கண்ணில் பட்டது, பக்கத்து ஆலையின் பெயரான பொருசியா. அந்த ஆலையை இன்று யாருக்கும் தெரியாது. கழகத்தைத் தெரியாதவர் யார்?

கோபுரமும் வீணாகவில்லை. பக்கத்துக் கட்டடங்களை இடித்தாலும் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்தார்கள். 2010 முதல் உள்ளே ஓவியக் காட்சிகள், உச்சியில் ‘ஊ’வுக்குக் கீழே ஓடுகிற படங்கள். ஒரு நேரம் பார்த்தால் முழுக்கப் புறாக்கள். டீர் ஆலை இருந்த இடத்தில் 2011 இல் பெரிய கடைத்தொகுதி திறந்தார்கள். போன தடவை மகளைப் பார்க்கப் போனபோது அங்கே சப்பாத்து வாங்கினேன்.

தம்பி, கிளாசில் ஒரு கோடு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது சட்டம். பியர் அந்தக் கோடு வரை வர வேண்டும், நுரை அதற்கு மேலே. 0,2 லீற்றர்ச் சின்ன நேர் கிளாசுக்கு அங்கே ‘ஸ்டொஸ்ஷென்’ என்று பெயர். ரயில் கடவை மூடியிருக்கிற நேரத்தில் ஓடிப்போய் ஒன்று போட்டுவிட்டு வர அளவாகச் செய்தது என்று கதை சொல்வார்கள். கடவை திறக்கும்போது நெஞ்சு நிறைந்த மனிதனாக நிற்பானாம்.


கொக்குவிலான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கிளாஸ்களைக் கழுவ எடுத்தபோது ஒன்றுக்குள் இன்னொரு பொருள் கிடந்தது: சதுர அட்டை, நடுவில் அதே எழுத்து. ஓரத்தில் பென்சிலால் வரிசையாகக் கோடுகள், எண்ணினேன், பதினான்கு. இது என்ன கணக்கு, மாமா?


கோண்டாவில் மாமா எழுதியது:

பியர் அட்டை. ஒவ்வொரு கிளாஸ் கொண்டுவந்து வைக்கும்போதும் பரிமாறுகிறவர் ஒரு கோடு போடுவார். எழும்பும்போது கோட்டை எண்ணிக் காசு. காசு கொடுத்ததும் அட்டையை எடுத்து எறிந்துவிடுவார்கள். ஆகவே அது வீட்டுக்கு வந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: சித்தப்பா காசு கொடுக்காமல் ஓடியிருக்கிறார், இல்லையென்றால் கோடு போட்டவரே அவர்தான்.


கொக்குவிலான் எழுதியது:

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘அவன் சங்கக்கடையிலேயே ஒரு சதம் கடன் வைக்காதவன்’ என்றார். அட்டையை வாங்கிக் கொண்டுபோய்ச் சித்தப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.