தினமும் பதினைந்து நிமிட ஓட்டம்: பள்ளிகளில் கட்டாயமாக்கலாமா?

வைகைக்கரை:
ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் 2012ஆம் ஆண்டு ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, பிள்ளைகளுக்கு உடல் தெம்பு போதவில்லை என்று கண்டு, வகுப்பு நேரத்திலேயே தினமும் பதினைந்து நிமிடம் அவர்களை வெளியே ஓடவோ நடக்கவோ விட்டார். சீருடையை மாற்ற வேண்டியதில்லை, போட்டியும் இல்லை. 'டெய்லி மைல்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கோ வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடுகள் தாளில் மட்டுமே இருக்கின்றன. இரண்டும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகின்றன. ஜூனில் வாங்கிய எறிபந்து இன்னும் பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடப்பதாக அவள் சொன்னபோது மனம் பொறுக்கவில்லை.

கணக்காசிரியை:
ஐயா, அப்படிப் பீரியடை வாங்கிக்கொள்ளும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்குள் பாடத்தை முடிக்காவிட்டால் முதலில் வந்து கேட்பவர்கள் பெற்றோர்களே. எனினும் நான் எதிர்ப்பது அதற்காக அன்று. நம் பள்ளிகளில் ஓட்டம் என்பது தண்டனையாக இருக்கிறது: தாமதமாக வந்தவனையும் வீட்டுப்பாடம் எழுதாதவனையும் "கிரவுண்டை மூணு சுத்து ஓடு" என்று அனுப்புகிறோம். அதே ஓட்டத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கினால் எந்தப் பிள்ளை அதை விரும்பும்? மேலும், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதற்காகவே காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவிகளை நான் அறிவேன். அவர்களை வெயிலில் ஓடவிட எனக்கு மனம் வராது. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கானது. அதற்கு மேல் படிக்கும் பிள்ளைகள் பலர் இன்றும் வெறும் வயிற்றோடுதான் பிரேயரில் நிற்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பி.இ.டி.:
அம்மா சொல்வதில் தண்டனையைப் பற்றிய பகுதி முழு உண்மை. உடற்கல்வி ஆசிரியராக இருந்தபோது நானே அப்படி ஓடவிட்டிருக்கிறேன், இன்று அதற்காக வருந்துகிறேன். ஆனால் மாணவிகளைப் பற்றி அவர் எடுக்கும் முடிவை ஏற்க இயலவில்லை. 2016 வரையிலான தரவுகளைக் கொண்டு உலக அளவில் செய்த ஆய்வொன்றில், 11 முதல் 17 வயது வரையிலான பையன்களில் 78 விழுக்காட்டினரும் பெண்களில் 85 விழுக்காட்டினரும் போதிய அளவு உடலை இயக்குவதில்லை என்று தெரியவந்தது. எங்கள் பள்ளியில் பையன்கள் கிரிக்கெட்டுக்கு மைதானம் முழுவதையும் எடுத்துக்கொள்ள, ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் துப்பட்டாவை இழுத்து விட்டபடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வகக் கட்டடத்துக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், அவர்களுக்கென்று ஒரு வலையைக் கட்டிக் கொடுத்தேன். துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்டு, மணி அடித்த பிறகும் "இன்னும் ஒரு பாயின்ட் சார்" என்று கெஞ்சியவர்கள் அதே பெண்கள்தான். தாழ்ப்பாள் இல்லையென்றால் தாழ்ப்பாளைப் போட வேண்டும். அதைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை உட்கார வைப்பது முறையாகாது.

வைகைக்கரை:
இருவரும் சொன்ன பிறகு என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். நேரம் ஒதுக்குவதும், தண்ணீரும் கழிப்பறையும் ஒழுங்காக இருப்பதும் பள்ளியின் கட்டாயக் கடமையாக இருக்கட்டும். ஓடுவதா, கயிறு தாண்டுவதா, கோ-கோ ஆடுவதா என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும். வெயில் ஏறுவதற்கு முன், இரண்டாம் பீரியடு முடிந்ததும் விடலாம்.

கணக்காசிரியை:
இந்த வடிவத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளின் பி.டி. பீரியடை இனி நான் கேட்கமாட்டேன். ஆனால் பத்தாம் வகுப்புக்கு ஜனவரிக்குப் பிறகு இது நடக்காது. திருப்புதல் தேர்வுகளுக்கு நடுவே பதினைந்து நிமிடம்கூட என்னால் விட்டுத்தர முடியாது.

ஓய்வுபெற்ற பி.இ.டி.:
காலை ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸ் முதல் இரவு டியூஷன் வரை பெஞ்சை விட்டு எழாத அந்த மூன்று மாதங்களில்தான் அவர்களுக்கு அது அதிகம் தேவைப்படுகிறது, அம்மா. இந்த ஒன்றில் உங்களோடு நான் உடன்பட முடியாது.