எழுத மறுக்கும் நான்கரை வயது மகள்: வற்புறுத்தலாமா, விட்டுப் பிடிக்கலாமா?

கேள்வி: மஞ்சக்காடு, பெருந்துறை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு வரும் தையில் ஐந்து வயது நிறைகிறது. பள்ளி திறந்தபோது எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். நாள்தோறும் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், எண்கள் அரைப் பக்கம் என்று வீட்டுப்பாடம் வருகிறது. பென்சிலை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, முனை ஒடியும் அளவுக்கு அழுத்தி, ஐந்து வரி எழுதுவதற்குள் அழத் தொடங்கிவிடுகிறாள். டைரியில் "எழுதும் வேகம் போதவில்லை" என்று இரண்டு முறை குறித்து அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் குழப்பமாக இருப்பது வேறொன்று. கடந்த மாசியில் என் தாய் வீட்டுக் களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தபோது, இவள் என் அம்மாவின் அருகில் உட்கார்ந்து விரல்போல் கிளைத்த விரலியைத் தனியாகவும் அது முளைத்த தாய்க் கிழங்கைத் தனியாகவும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. "இது அம்மா மஞ்சளு, இதெல்லாம் அதோட குழந்தைங்க, இல்லீங்களா அம்மிச்சி?" என்று கேட்டாள். அப்படிப் பார்க்கத் தெரிந்த குழந்தைக்கு நோட்டில் 7 எது, 8 எது என்று சொல்லத் தெரியவில்லை. டியூஷனில் சேர்க்கலாம் என்கிறார் என் கணவர். எழுத வைத்துப் பழக்குவதா, விட்டுவிடுவதா? களத்தில் அவள் செய்ததைப் படிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை, கோபிச்செட்டிபாளையம்

அம்மா, முதலில் டியூஷன் யோசனையைத் தள்ளி வையுங்கள். பகலெல்லாம் பள்ளியில் உட்கார்ந்துவிட்டு வரும் குழந்தையை மாலையிலும் உட்கார வைத்தால், அது எழுத்தைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே எழுத்தின் மீது வெறுப்பைக் கற்றுக்கொள்ளும்.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, குருத்தெலும்பாகவே இருக்கும். முதல் சில மாதங்களில் இரண்டு எலும்பாகத் தொடங்கும். மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னர் வரும். கடைசி எலும்பு ஒன்பது வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். எலும்பு ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட முடியாது. விரல்களின் சிறு தசைகளுக்கு வலு ஏற வேண்டும், கண் காட்டும் இடத்துக்குக் கை போய்ச் சேரும் பழக்கமும் வர வேண்டும். நான்கரை வயதில் இவையெல்லாம் பாதி வழியில்தான் இருக்கும். பென்சிலை முழுக் கையால் பிடிப்பது பிடிவாதத்தால் அன்று, விரல்களுக்கு இன்னும் தெம்பு போதாததால்தான்.

அந்தத் தெம்பு நோட்டில் வராது. முருங்கைக்கீரை ஆயக் கொடுங்கள், அவரைக்காய் உரிக்கக் கொடுங்கள், துணி காயப்போடும்போது கிளிப் மாட்டச் சொல்லுங்கள். நீளமான பென்சிலுக்குப் பதிலாகச் சுண்டுவிரல் நீளத்தில் ஒடித்த கிரேயான் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளங்கையில் பிடிக்க இடமில்லாததால் குழந்தை தானாகவே விரல் நுனிகளால் பிடிக்கும். என் வகுப்பில் நான் அதிகம் நம்பிய உத்தி இதுதான்.

இன்னொன்று, எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்பதையும் பாருங்கள். "அ" என்ற எழுத்தைச் சற்று நிதானமாக நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, குறுக்கே ஒரு கோடு, பிறகு நெடுக ஒரு கோடு. "ட" எழுத இரண்டு கோடுகள் போதும், "ப" எழுத மூன்று. அகரவரிசை அகராதி பார்ப்பதற்கு நல்ல ஒழுங்கு. பிஞ்சு விரல்களுக்கு அது ஏற்ற ஒழுங்கு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய பிறகே குழந்தையை எழுத விடுவார். நம் ஊரில் விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதை அந்த ஒரு நாளோடு ஏன் நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி: இரு குழந்தைகளின் தகப்பன், திருப்பூர்

ஆசிரியை அம்மா சொல்வது சரிதான், ஆனால் பள்ளியிலிருந்து நாள்தோறும் டைரியில் எழுதி அனுப்பும்போது பெற்றோர் என்ன செய்வது? என் மூத்தவனுக்கும் இதே நிலைமை. பனியன் கம்பெனியில் இரவு எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்கி விழும் பையனை எழுப்பி எழுத வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் வகுப்பு ஆசிரியையை நேரில் பார்த்து, "வாரத்துக்கு இரண்டு நாள் அரைப் பக்கம் எழுதட்டும், மற்ற நாள் வாயால் சொல்லட்டும்" என்று கேட்டேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் திணறிக்கொண்டுதான் இருந்தார், உடனே ஒப்புக்கொண்டார். டைரியில் பதில் எழுதுவதைவிட நேரில் போவது நல்லதுங்க.

எழுத்தை விட்டுவிட்டுக் கைப்பேசியைக் கொடுத்துவிடாதீர்கள், நான் செய்த இரண்டாவது தவறு அது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று, நான்கு வயதினர் திரை முன் உட்காரும் நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதுவும் குறையக் குறைய நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மறுமொழி: புளியங்கொட்டை, தாராபுரம்

கேள்வியின் இரண்டாவது பகுதிக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. மகள் களத்தில் செய்தது படிப்புதான். விரலி, கிழங்கு என்று பிரிப்பதற்கு அளவு, வடிவம், எதிலிருந்து எது முளைத்தது என்ற உறவு ஆகியவற்றை ஒருசேர மனத்தில் வைத்திருக்க வேண்டும். 7 என்ற உருவத்தை அடையாளம் காண்பது நினைவாற்றல் சார்ந்தது. ஏழு என்பது எவ்வளவு என்று உணர்வது வேறு. முன்னது பிந்தினாலும் பாதகமில்லை.

சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே செய்துகாட்டிய ஒன்றை வீட்டிலேயே பார்க்கலாம். ஆறு புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் எதிரே இன்னும் ஆறை மற்றொரு வரிசையாகவும் வையுங்கள். இரண்டும் சமம் என்று குழந்தை சொல்லும். பிறகு குழந்தையின் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை அகலப் பரப்பிவிட்டு மறுபடியும் கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் அகன்ற வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்பார்கள். திருத்தாதீர்கள். "எப்படிடா கண்ணு தெரிஞ்சுது?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்டால்தான் பிள்ளையின் மனம் எந்த வழியில் போகிறது என்று நமக்குப் புரியும்.

என் அப்பத்தா எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது பல்லாங்குழியில்தான். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது முத்து. குழிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போகும்போது ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் விரலிலேயே பதிந்துவிடும். குழியில் நான்கு சேர்ந்தால் அது "பசு", அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். அதை எண்ணிக்கொண்டிருந்தால் எதிராளி ஆட்டத்தைத் தொடர்ந்துவிடுவார் என்பதால், நான்கை எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் அறியும் கண் வந்துவிடும். அப்பத்தா ஒருநாளும் "இது எத்தனை, சொல்லு" என்று சோதித்ததில்லை. நான் பசுவைக் கவனிக்காமல் விட்டால், "இந்தப் பக்கம் ஏதோ மேயுதாட்ட இருக்குது" என்பார், அவ்வளவுதான்.

மறுமொழி: செவிலியர், ஈரோடு

ஓர் எச்சரிக்கை மட்டும். எழுத மறுப்பது இந்த வயதில் இயல்பு. ஆனால் கரண்டி பிடிப்பதிலும், படியேறுவதிலும் தடுமாற்றம் இருந்தாலோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டாலோ, புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாலோ, அதை விளையாட்டுப் புத்தி என்று விட்டுவிட வேண்டாம். 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், ஆர்.பி.எஸ்.கே. என்று சொல்வோம், அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறை பரிசோதிக்க வேண்டும். தனியார் பள்ளிப் பிள்ளையானால் அரசுத் தலைமை மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் நீங்களே காட்டிவிடலாம்.

மஞ்சக்காடு, பெருந்துறை (மூன்று வாரங்களுக்குப் பின்)

எல்லோருக்கும் நன்றிங்க. கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டோம், குறை ஒன்றும் இல்லை. வகுப்பு ஆசிரியையை நேரில் பார்த்தேன். பொங்கல் வரைக்கும் தமிழில் மட்டும் நான்கு வரி போதும் என்றார், ஆங்கிலத்தைக் குறைக்க அவர் இசையவில்லை. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி "ட" போட்டுக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம திண்ணை மூலைங்கம்மா" என்று சொல்லி, தட்டு நிறையத் திண்ணை மூலைகளாகப் போட்டுவிட்டாள். ஆனால் பாதிக்குப் பாதி இடம் வலமாகத் திரும்பியிருக்கின்றன. இதற்கு என்ன செய்வது?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை, கோபிச்செட்டிபாளையம்

ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா. எழுத்தைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரைக்கும் சாதாரணமாகக் காணப்படுவதுதான். அழிக்காதீர்கள். பக்கத்திலேயே நீங்கள் ஒன்றைச் சரியாகப் போட்டு வையுங்கள், அவளே ஒருநாள் பார்த்துக்கொள்வாள்.