சங்காயத்தில் வந்த சங்கு

குழு: தரங்கம்பாடி சொந்தங்கள்

செல்வி, காலை 7:05
(படம்) மணி அண்ணே, இன்று கரைக்கு வந்த சங்காயக் கழிவு மீன் குவியலிலிருந்து கவின் ஒரு சங்கைப் பொறுக்கி வந்திருக்கிறான். மேலே நாலு சதைக் கட்டி ஒட்டியிருக்கிறது. தொட்டால் கோந்து மாதிரி விரலைப் பிடிக்கிறது. அடியிலிருந்து ஆரஞ்சு நூல் வேறு வருகிறது. விஷமா?

மணி அண்ணன், 7:09
வலை மடியில் அடிக்கடி வரும்மா. உள்ளே நண்டு இருக்கும், கடித்துவிடப் போகிறது.

வசந்தி சித்தி, 7:14
அது கடல் சாமந்தி. பெயர்தான் பூ, பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் பங்காளி. முதலில் கவின் கையைக் கடல் தண்ணீரில் அலசு, கண்ணைத் தேய்க்க விடாதே. விரலைப் பிடிப்பது பசை இல்லை செல்வி. அதன் வாயைச் சுற்றி இருக்கும் விழுதுகள் முழுக்கக் கொட்டும் செல்கள். உள்ளே சுருண்டிருக்கும் ஊசிநூல் தொட்டதும் பாயும். உள்ளங்கைத் தோல் தடிப்பு, அதனால் ஒட்டுகிற மாதிரி மட்டும் தெரிகிறது. சின்ன மீன் பட்டால் தப்பாது. ஆரஞ்சு நூலும் அப்படித்தான், பயந்தால் வெளியே விடும்.

செல்வி, 7:16
குழாய்த் தண்ணீரில் போட்டு வைக்கவா சித்தி?

வசந்தி சித்தி, 7:16
ஐயோ வேண்டாம்! உப்பு இல்லாவிட்டால் ஊதிச் செத்துவிடும். கடல் தண்ணீர் கொண்டு வா, அடிக்கடி மாற்று. தயவுசெய்து சுரண்டி எடுக்காதீர்கள். நண்டே தேடிப் பிடித்து வைத்துக்கொண்ட காவல் அது. பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) நண்டைத் தின்ன வந்தால் கொட்டு வாங்கி விலகும். நண்டு சிந்துகிற இரை சாமந்திக்கு. நண்டு வளர்ந்து பெரிய சங்குக்குக் குடி மாறும்போது சாமந்தியைக் காலால் தட்டித் தட்டி இளகவைத்து, தூக்கிப் புதுச் சங்கில் வைத்துக்கொள்ளும்.

மணி அண்ணன், 7:20
இருபது வருடமாகக் கடலுக்குப் போகிறேன் சித்தி, இது தெரியாது. எத்தனையைக் காயப் போட்டிருப்போம்.

அப்பாயி (குரல் செய்தி), 7:31
அதுக்கு எத்தனை நாள் ஆயுசும்மா?

வசந்தி சித்தி, 7:35
அப்பாயி, இந்த வகைக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் 1828ல் ஜான் டாலியல் என்ற இயற்கை ஆய்வாளர் பிடித்து வந்த ஒரு கடல் சாமந்தி கண்ணாடி ஜாடியிலேயே 1887 வரை இருந்தது. அவர் போன பிறகும் ஒருவர் கை மாற்றி ஒருவர் வளர்த்தார்கள். இத்தனைக்கும் அதற்கு மூளையே கிடையாது, நரம்பு வலை மட்டும்தான். இரை போவதும் கழிவு வருவதும் ஒரே வாய்.

செல்வி, 8:10
(படம்) விரிந்துவிட்டது!! கட்டியாக இருந்ததா இது? ஓரமெல்லாம் மெல்லிசு மெல்லிசாக விழுது. கவின் இறால் துணுக்கு போட்டான். நாலைந்து விழுது வளைந்து நடுவில் தள்ளிவிட்டு, சுருக்குப் பை மாதிரி மூடிக்கொண்டது. நண்டும் கண்ணை நீட்டிப் பார்க்கிறது.

மணி அண்ணன், 8:13
வாளியோடு கொடு. மத்தியானம் நாட்டுப் படகில் போய் விட்டு வருகிறேன்.

மணி அண்ணன், மாலை 4:42
ஆறு பாகம் (சுமார் முப்பத்தாறு அடி) ஆழத்தில் விட்டேன். படகில் ஆட்களிடமும் சொல்லியாயிற்று, இனி மடியில் உயிரோடு வந்தால் அங்கேயே கடலில் விடச் சொல்லி.

செல்வி, 4:44
மாமா நான் கவின். கீழே போய் விரிஞ்சுதா?

மணி அண்ணன், 4:45
தண்ணீர் கலங்கல்டா மருமகனே, தெரியவில்லை. நண்டின் சங்கு மேலேதான் நாலும் இருந்தது, கெட்டியாகப் பிடித்திருந்தது.