கூண்டு மூடியிருக்கிறது, வடையைக் காணோம், எலியையும் காணோம் - உதவி தேவை

கூத்தப்பாக்கம் கீழ்வீடு:
வணக்கம். கடலூர் கூத்தப்பாக்கத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பின்னால் ஒரு காலி மனை, அதை ஒட்டிச் சாக்கடை. கார்த்திகை மழையில் மனை முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அது வடிவதற்குள் எலி வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. மார்கழி பிறந்து பனி ஏறியதிலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல் தூக்கமே இல்லை. அரிசி மூட்டையின் மூலையில் ஓட்டை. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் சுரண்டும் சத்தம். குழந்தையின் பஞ்சுத் தலையணையைக் கூடக் கடித்து வைத்திருக்கிறது.

பழைய கம்பிக் கூண்டு ஒன்று இருந்தது. முதலில் தக்காளி வைத்தேன், சீண்டவே இல்லை. அப்புறம் மசால் வடை. மூன்று நாளாகக் காலையில் பார்த்தால் கூண்டுக் கதவு விழுந்திருக்கிறது, வடை இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை! ராத்திரி எழுந்து வடையைத் தின்றது நான்தான் என்று என்னையே சொல்கிறார் என் வீட்டுக்காரர். பசை அட்டையும் வைத்தோம். ஒரு பல்லியும் நாலு கரப்பானும் ஒட்டியதுதான் மிச்சம்.

ஒரு தடவை மட்டும் கண்ணால் பார்த்தேன். நீள மூக்கு, சுவரோரமாகக் கீச் கீச் என்று கத்திக்கொண்டே ஓடியது, போன பிறகு ஒரு நாற்றம். மேடை மேல் கிடக்கும் புழுக்கை அரிசி மணியை விடச் சின்னது. இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் மருந்து வைக்கப் பயம். என்ன செய்யலாம்?

நெல்லிக்குப்பம்:
எலி கேக் வாங்கிப் பரண் மேல் போடுங்கள். ஒரு வாரத்தில் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அதுதான்.

முத்தியால்பேட்டை மருந்துக்கடை:
தயவுசெய்து வேண்டாம். இருபது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன், அதனால் சொல்கிறேன். கேக் ரகம் ரத்தத்தை உறைய விடாமல் செய்து கொல்வது. தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் கழித்து எங்கேயாவது பீரோவுக்குப் பின்னால் போய்ச் செத்து, நாறி, புழு வைத்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். அதற்குள் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு வந்து குழந்தை விளையாடும் இடத்தில் போட்டுவிட்டுப் போனாலும் போகும். எலி தின்பண்டத்தை ஒளித்து வைக்கும் பிராணி.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் இன்னும் மோசம். கல்லீரலைத் தின்றுவிடும், மாற்று மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் அதற்குத் தடையே போட்டாயிற்று. ஈரம் பட்டால் விஷவாயு விடுகிற மருந்துகளும் உண்டு. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிக்கு மருந்து வைத்த வீட்டில் படுத்துத் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனதைப் படித்திருப்பீர்கள். கதவைச் சாத்திப் படுக்கிற பனிக்காலத்தில் இந்த விளையாட்டே ஆகாது.

நெல்லிக்குப்பம்:
சரி சார், எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் கொத்தனார்:
தங்கச்சி, உன் வீட்டில் இருப்பது ஒன்றில்லை, இரண்டு ரகம். நீ கண்ணால் பார்த்தது எலியே இல்லை, மூஞ்சூறு. நீள மூக்கு, கீச் சத்தம், நாற்றம் மூன்றும் அதன் அடையாளம். அது கரப்பான், பூச்சி தின்று பிழைப்பது. மூட்டையைக் கடிக்காது, ஒயரைக் கடிக்காது. உன் அரிசியையும் தலையணையையும் கடித்தது வேறு ஆள். புழுக்கை அரிசி மணியை விடச் சின்னது என்கிறாய், அப்படியானால் சுண்டெலி. பெரிய எலியாக இருந்தால் புழுக்கை தடியாக, கிட்டத்தட்ட அரை அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும்.

வடை மர்மத்துக்கு வருவோம். உன் கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுழைகிறதா பார்.

கூத்தப்பாக்கம் கீழ்வீடு:
அண்ணா, தாராளமாக நுழைகிறது!

திருப்பாதிரிப்புலியூர் கொத்தனார்:
அவ்வளவுதான் விஷயம். அது பெரிய எலிக்கான கூண்டு. சுண்டெலி உள்ளே போகிறது, வடையை இழுக்கிறது, கதவு விழுகிறது, அது பாட்டுக்குக் கம்பி வழியே வெளியே வந்துவிடுகிறது. பென்சில் நுழைகிற சந்து போதும் சுண்டெலிக்கு. மண்டை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். வீட்டுக்காரரிடம் சொல், வடையைத் தின்றது நீ இல்லை என்று.

இப்போது செய்ய வேண்டியது எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது. வீட்டில் கோலமாவு இருக்குமே, மார்கழி ஆயிற்றே. கல்மாவாக இருக்க வேண்டும், அரிசி மாவு போட்டால் அதையும் தின்றுவிட்டுப் போய்விடும். படுக்கப் போகும்முன் சமையலறைச் சுவரோரம், சிங்க் அடியில், ஃப்ரிட்ஜ் பின்னால், பின்கதவு ஓரம் லேசாகத் தூவு. காலையில் கால் தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல். குழந்தை எழும்முன் ஈரத்துணியால் துடைத்துவிடு.

லாஸ்பேட்டை:
சத்தம் எழுப்பி விரட்டும் மின்சாரக் கருவி வாங்கலாமா? பிளக்கில் சொருகுவது?

திருப்பாதிரிப்புலியூர் கொத்தனார்:
காசு மிச்சமானால் வாங்கலாம். முதல் இரண்டு நாள் எலி மிரளும், அப்புறம் பழகிவிடும். நான் வேலை செய்த ஒரு வீட்டில் அந்தக் கருவியின் ஒயரையே கடித்திருந்தது.

கூத்தப்பாக்கம் கீழ்வீடு:
தடம் கிடைத்தது! வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டையிலிருந்து நேராக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போகிறது. ஃப்ரிட்ஜை நகர்த்திப் பார்த்தோம். மோட்டார் பக்கத்தில் தலையணைப் பஞ்சும் பேப்பர் துணுக்கும் சேர்த்து ஒரு கூடு. குட்டி இல்லை. பின்கதவுக்கு அடியிலும் ஒரு விரல் சந்து இருக்கிறது. வீட்டு உரிமையாளரிடம் சொன்னால் "கதவைச் சாத்தி வையுங்கம்மா" என்கிறார். சாத்தின கதவைத்தானே சொல்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் கொத்தனார்:
மோட்டார் சூட்டுக்குத்தான் அங்கே போயிருக்கிறது, வெளியே பனி அல்லவா. குட்டி போடும்முன் பார்த்தது நல்லது. சுண்டெலி மூன்றே வாரத்தில் ஐந்தாறு குட்டி போட்டுவிடும்.

ஓட்டைக்குத் துணி அடைக்காதே, இழுத்துக் கூடு கட்டிக்கொள்ளும். நுரை மாதிரி பொங்கும் பசையையும் தனியாக நம்பாதே, கொறித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் இரண்டு வாங்கிக் குழாயைச் சுற்றி இறுக்கித் திணி, அதன் மேல் சிமெண்டு பூசு. அந்தக் காலத்தில் சிமெண்டில் உடைந்த கண்ணாடியைக் கலப்போம். வாடகை வீட்டில், குழந்தை இருக்கும் இடத்தில் அது வேண்டாம், கம்பி நாரே போதும். பின்கதவுக்கு அடியில் அலுமினியப் பட்டை அடித்துவிடு. பாத்ரூம் தண்ணீர் போகும் ஜாலி உடைந்திருந்தால் மாற்று.

ஓட்டையை அடைக்கிற அன்றே உள்ளேயும் பொறி வை. இல்லாவிட்டால் உள்ளே மாட்டியது வெளியே போக வழியில்லாமல் எல்லாவற்றையும் கடித்துவிடும். சின்ன மரக்கட்டை அடிபொறி நாலு வாங்கு. சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடுகிற மாதிரி வைக்க வேண்டும். எலி நடு அறையில் நடக்காது, சுவரை உரசிக்கொண்டேதான் போகும். குழந்தை கை எட்டாதபடி ஃப்ரிட்ஜ் பின்னால், சிங்க் அலமாரி உள்ளே வை. விடிந்ததும் எடுத்துவிடு.

பண்ருட்டி ரோடு:
இரைக்கு மல்லாட்டையை (நிலக்கடலை) வறுத்து, நசுக்கி, வெல்லம் தொட்டு அப்பி வையுங்கள். வடை என்றால் கவ்விக்கொண்டு ஓடிவிடும், இது ஒட்டிக்கொள்ளும், நக்கி நக்கித்தான் தின்ன வேண்டும். நெத்திலிக் கருவாட்டை நூலால் கட்டி வைப்பதும் உண்டு. ஆனால் பக்கத்துத் தெருப் பூனைகளும் வந்துவிடும்.

முத்தியால்பேட்டை மருந்துக்கடை:
ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்தக் கூட்டையும் புழுக்கையையும் உலர்ந்தபடியே பெருக்காதீர்கள், தூசியோடு மூக்கில் ஏறும். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைத்த தண்ணீரைத் தெளித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து எடுங்கள். எலி மூத்திரம் பட்ட தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், காலில் சிறு வெடிப்பு இருந்தாலும் உள்ளே போகும். அந்த மனைத் தண்ணீரில் இறங்கி நடந்தவர்கள் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மழைத் தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

பழைய பட்டணம் ஆயா (பேரன் தட்டச்சு செய்கிறான்):
எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும் கண்ணு. காலி மனை, சாக்கடை வேறு. பின்வாசலில் கட்டை, ஓடு, சாக்கு எதையும் அடுக்கி வைக்காதே. ராத்திரி கொல்லைக்குப் போனால் டார்ச் எடுத்துக்கொண்டு போ.

கூத்தப்பாக்கம் கீழ்வீடு:
எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஆயிற்று. சிமெண்டு பூசியது என் வீட்டுக்காரர், அழகாக இல்லை, ஆனால் கெட்டியாக இருக்கிறது. முதல் ராத்திரி இரண்டு, மறுநாள் ஒன்று, நாலாம் நாள் ஒன்று. எல்லாம் மல்லாட்டைக்குத்தான் மாட்டின. அதற்கப்புறம் ஆறு நாளாகக் கோலமாவில் எலித்தடம் இல்லை. அரிசியைத் தகர டின்னுக்கு மாற்றிவிட்டேன். ஒன்றை மட்டும் சின்ன டப்பாப் பொறியில் உயிரோடு பிடித்தோம், கொல்ல மனசில்லாமல் கெடிலம் ஆற்றுக் கரையில் கொண்டுபோய் விட்டார்.

கெடிலக் கரையோரம்:
நாங்கள் அங்கேதான் குடியிருக்கிறோம்.

கூத்தப்பாக்கம் கீழ்வீடு:
மன்னிச்சுக்குங்க! இனி விடமாட்டோம்.

இன்னொரு கேள்வி. மூஞ்சூறு மட்டும் இன்னும் பாத்ரூம் பக்கம் வந்துபோகிறது. பிள்ளையார் வாகனம், இருக்கட்டும் என்கிறார் மாமியார். கரப்பானும் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்றம்...

திருப்பாதிரிப்புலியூர் கொத்தனார்:
ஜாலி மாற்றினாயா?

கூத்தப்பாக்கம் கீழ்வீடு:
இல்லை அண்ணா. நாளைக்கு வாங்கி வரச் சொல்கிறேன்.