சனிக்கிழமை நடை: மெர்லயன் ஆச்சு, அடுத்து எங்கே?

தென்காசிச்சாரல்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட் பக்கம் விடுதியில் தங்கி முதுநிலை படிக்கிறேன். சனிக்கிழமை ஒருநாள்தான் லேப் கிடையாது. அன்றைக்குக் காலையில் கிளம்பி மத்தியானம் வரை எங்கேயாவது நடந்து சுற்றணும் என்று ஆசை. மெர்லயன், மரீனா பே, கரையோரப் பூந்தோட்டங்கள் எல்லாம் வந்த புதிதிலேயே சீனியர்கள் கும்பலாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டார்கள். மளிகை வாங்க, நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) எப்படியும் போய்வருகிறேன். அது ஊர்க் கடைத்தெருவுக்குப் போய்வந்த மாதிரிதான், வெளிநாடு பார்த்த கணக்கில் சேராது.

காசு கட்டி வழிகாட்டியோடு நடக்கும் சுற்றுலாக்களைப் பார்த்தேன். அவர்கள் கேட்கிற கட்டணத்தில் எனக்கு ஒரு வாரச் சாப்பாடு ஓடிவிடும். அவ்வளவு கொடுத்துப் போவது தகுமா? இல்லை, நாமே நடந்து பார்க்கிற மாதிரி வழி ஏதாவது இருக்கிறதா? அம்மா தினமும் வீடியோ காலில் "இன்னிக்கு என்ன பாத்தே?" என்று கேட்கிறாள். லேப் வராந்தாவை எத்தனை தடவைதான் காட்டுவது?

இன்னொன்று. கூட இருக்கிற பெண்கள், "நீ வழி கண்டுபிடிச்சுக் கூட்டிட்டுப் போ, ஆளுக்கு அஞ்சு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தர்றோம்" என்கிறார்கள். பாதி கேலி, பாதி நிஜம்.

தஞ்சோங் பகார்க்காரன்

தென்காசியா? அப்ப உன் முதல் நடை நான் சொல்றதுதான், வேற யாரும் முந்தக்கூடாது.

பூன் லேயில பச்சைக் கோட்டு ரயில் ஏறினா தஞ்சோங் பகார் வரைக்கும் மாறவே வேண்டாம். இறங்கி மெக்ஸ்வெல் ரோடு வழியா தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு வா. அந்தத் தெருவுல நிக்கிறப்ப ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோம்மா. 1880கள்ல கடலைத் தூர்க்கிற வரைக்கும் அதுதான் கடற்கரை. கப்பல்ல வந்தவன் உசிரோட கரையேறினதும் முதல்ல சாமிக்கு நன்றி சொன்ன தெரு. இப்போ கடல் இருந்த பக்கம் பூரா வங்கிக் கட்டடம்.

முதல்ல வர்றது அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827ல குடிசையா ஆரம்பிச்சது, நம்ம ஆளுங்க குச்சுப்பள்ளின்னுதான் சொல்வாங்க. தாண்டினா தியான் ஹொக் கெங். கடல் தெய்வம் மாஜுவுக்கு ஹொக்கியன் சீனர்கள் 1839லேர்ந்து 1842 வரைக்கும் கட்டின கோயில். அதையும் தாண்டி போன் டாட் ஸ்திரீட் முனையில நம்ம நாகூர் தர்கா, 1828-30ல கட்டினது. எல்லாரும் ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீ எதிர்ச் சாரிக்குப் போய் நின்னு பாரு. கீழ்ப்பாதியில வெள்ளைக்காரன் பங்களா மாதிரி பெரிய ஜன்னலும் வரி வரியான தூணும் இருக்கும். மேல்பாதியில துளைத் துளையாப் போட்ட கைப்பிடிச் சுவரும் குட்டி மினாராவும். நாகூர்ல இருக்கறதை நினைவுல வச்சு இங்க கிடைச்ச கையால கட்டியிருக்காங்க. எனக்கு அந்தக் கலப்புதான் பிடிக்கும். அசல் மாதிரியே இருந்திருந்தா நான் இவ்வளவு நேரம் நின்னு பாத்திருக்க மாட்டேன்.

அங்கேர்ந்து கிராஸ் ஸ்திரீட் ஏறி சவுத் பிரிட்ஜ் ரோட்டுல இடது கைப் பக்கம் திரும்பு. சூலியான்னு சொல்ற தமிழ் முஸ்லிம்கள் 1826ல தொடங்கின ஜாமியா பள்ளி முதல்ல வரும். கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில், 1827. இங்க ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கின ராஃபிள்ஸோட 1819ல பினாங்குலேர்ந்து கப்பலேறி வந்த நாராயண பிள்ளை தொடங்கினது. பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்திரீட்னு பேர் வந்ததே இந்தக் கோபுரத்தாலதான். சீனர் வட்டாரத்துக்கு நடுவுல நம்ம கோயில் எப்படி வந்துச்சுன்னு புதுசா வர்ற பிள்ளைங்க கேப்பாங்க. தேக்கா பக்கம் நம்ம ஜனம் திரண்டது பின்னால. முதல்ல இறங்கினது இங்கதான். உச்சிக்கு நடை சாத்திடுவாங்க, முன்னாடியே போயிடு. தீபாவளிக்கு முன்னால வர்ற தீமிதிக்குப் போறதானா கூட்டத்துக்கும் தயாரா போ.

அப்படியே நேரா நடந்தா மெக்ஸ்வெல் உணவங்காடி. அதோட முகவரியைத் தேடிப் பாரு: 1, கடையநல்லூர் ஸ்திரீட்! கோழிச்சோறு வாங்க அங்க வரிசையில நிக்கிற எத்தனை பேருக்குத் தெரியும், அந்த ஊர் உன் ஊருக்குப் பக்கத்துலதான்னு? எங்க அத்தா கடையநல்லூர், துறைமுகத்துல வேலை பாத்தாங்க. கடையநல்லூர், தென்காசி சனம் நிறைய இந்த வட்டாரத்துலதான் குடும்பத்தோட இருந்துச்சு. பாட்டி வீட்டுலேயே அம்மி போட்டு மசாலா அரைச்சு வித்தாங்க. அந்த வீடெல்லாம் இப்ப இல்ல. தெருப்பேரை அம்மாவுக்கு வீடியோவுல காட்டு.

சாரக்கட்டு

ஐயா சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்றது. இருந்தாலும் ஒண்ணு சொல்றேன் தங்கச்சி. நான் கட்டுமானத்துல பூச்சு வேலை பாக்கிறவன், சொந்த ஊரு காரைக்குடி பக்கம். ஞாயித்துக்கிழமை தேக்காவுல கூட்டம் நெருக்கும்போது நான் சிட்டி ஹால்ல இறங்கிடுவேன். நிலையத்தை ஒட்டியே வெள்ளையா செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் இருக்கு. உள்ள போக காசு கிடையாது, வழிபாட்டு நேரத்துல மட்டும் ஓரமா நில்லு.

எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பாப்பாங்க. நீ சுவரையும் தூணையும் கிட்டப் போய்ப் பாரு. 1856ல தொடங்கி நம்ம நாட்டுக் கைதிங்களை வச்சுக் கட்டினது. இந்தியாவுலேர்ந்து நாடு கடத்தி இங்க கொண்டாந்து வேலை வாங்கியிருக்காங்க, 1825லேர்ந்து 1873 வரைக்கும். அந்தச் சுவருக்குப் பூசினது மெட்ராஸ் சுண்ணாம்புன்னு சொல்வாங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை போட்டு இடிச்சு, தேங்காய் மட்டை ஊறின தண்ணி விட்டுக் குழைக்கிறது. பூசிக் காஞ்சதும் கல்லால தேச்சுத் தேச்சுப் பளபளப்பு ஏத்தணும். எங்க பக்கம் செட்டிநாட்டு வீட்டுத் தூணைத் தொட்டுப் பாத்திருந்தா உனக்கே தெரியும், கையில குளுகுளுன்னு இருக்கும். நான் பூசுற சிமென்ட் சுவர்ல பத்து வருசத்துல கீறல் விட்டுரும், பெயின்ட்டு உரியும். நூத்தம்பது வருசம் தாண்டி அது நிக்குது. இடையில ரிப்பேர் பாத்திருப்பாங்கதான், இருந்தாலும்.

கைதிங்க பேரு எதுவும் அங்க என் கண்ணுல படல.

கென்ட்ரிட்ஜ்குரங்கு

முதல்ல அந்த அஞ்சு வெள்ளி விஷயம். வாங்காதே! இங்கே காசு வாங்கிக்கிட்டு வழிகாட்டியா வேலை பார்க்க பயணத்துறைக் கழகத்தோட உரிமம் வேணும். நீ மாணவர் அட்டையில இருக்கிற ஆள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். தோழிங்களைச் சும்மா கூட்டிட்டுப் போ, சாப்பாட்டுக் காசை அவங்க கொடுக்கட்டும்.

கட்டணச் சுற்றுலா மோசம்னு சொல்ல மாட்டேன். உரிமம் வாங்கின நல்ல வழிகாட்டி கிடைச்சா ஒரே தெருவுல இரண்டு மணி நேரம் பேசுவாங்க. ஆனா வாராவாரம் போறவளுக்குக் கட்டுப்படியாகாது. தேசிய மரபுடைமைக் கழகம் வட்டார வாரியா நடைபாதைக் கையேடு போட்டு இணையத்துல இலவசமா வச்சிருக்கு. அதை இறக்கிக்கோ.

கட்டடம் பார்த்துச் சலிச்சா பச்சைப் பக்கம் வா. நான் அடிக்கடி போறது பழைய மலாயா ரயில் தடம். உட்லண்ட்ஸ் பக்கத்துலேர்ந்து தஞ்சோங் பகார் வரைக்கும் 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30ஓட ரயில் நின்னுபோச்சு, இப்போ நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டுட்டாங்க. முழுசா நடக்கணும்னு வீம்பு வேண்டாம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்துல இறங்கினா பக்கத்துலேயே இரும்புப் பாலம், கொஞ்ச தூரத்துல பழைய புக்கிட் தீமா ஸ்டேஷன். அங்கே தண்டவாளத்தை எடுக்காம விட்டிருக்காங்க. அம்பாசமுத்திரம் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன் மாதிரியே இருக்கும், நீ பார்த்தா சிரிப்பே.

இன்னொரு நாள் ஹார்பர்ஃபிரன்ட்ல இறங்கி மவுன்ட் ஃபேபர் ஏறி, ஹென்டர்சன் வேவ்ஸ் பாலம் வழியா கென்ட் ரிட்ஜ் பக்கம் நட. பாலம் சாலைக்கு மேல 36 மீட்டர், காத்து நல்லா வரும். காட்டு ஓரத்துல குரங்கு இருக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில தொங்கவிடாதே, அது சாப்பாடுன்னுதான் நினைக்கும். எதுவும் போடாதே, அபராதம்.

காலையில ஏழு மணிக்கு முன்னாடி கிளம்பிடு. பத்து மணிக்கு மேல வியர்வையில தொப்பலாயிடுவே, மதியம் ஆனா இடி மின்னல். மழை பிடிச்சா மரத்தடியில நிக்காதே. பழைய தெருவா இருந்தா அஞ்சடியில, அதாவது கடை முன்னால கூரை போட்ட நடைபாதையில ஏறிக்கோ, கடையை ஒட்டியே நனையாம தெருக்கோடி வரைக்கும் போயிடலாம்.

தென்காசிச்சாரல்

ஐயா, அண்ணா, அக்கா எல்லாருக்கும் நன்றி. தெலுக் ஆயர் போய்வந்தேன். கடையநல்லூர் ஸ்திரீட் பலகையை அம்மாவிடம் காட்டினால், "நம்ம ஊர்ப் பேரு எங்கே?" என்று சண்டைக்கு வருகிறாள்! கூட வரக் கேட்டவர்களிடம் காசு தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், உடனே கூட்டம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

ஒரு கேள்வி மிச்சம். பொங்கல் முடிந்து அம்மா வருகிறாள். முழங்கால் வலி, மலையெல்லாம் ஏற முடியாது. மால் வேண்டாம், கோயிலும் ஊரிலேயே பார்க்கிறேன் என்கிறாள். எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?

தஞ்சோங் பகார்க்காரன்

உங்க அம்மா கேக்கிறதும் நியாயம்தான். தாவரவியல் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போ. 1859ல தொடங்கினது, 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. காலையில அஞ்சு மணிக்கே திறந்துடும், நுழைய காசு இல்ல, உக்கார பெஞ்சு உண்டு. தென்காசிக்காரிக்கு அருவி காட்டி ஏமாத்த முடியாது. ரப்பர் மரம் காட்டு. மலாயா பூரா ரப்பர் பரவினதுக்கு இந்தத் தோட்டத்துக்கு இயக்குநரா இருந்த ரிட்லி பாடுபட்டதுதான் காரணம். அந்த ரப்பர் தோட்டங்கள்ல பால் வெட்டத்தான் நம்ம சனம் அத்தனை பேர் கப்பலேறினது.

புவன விஸ்தாவுல மாறினா ரயில் வாசலுக்கே வரும். ஆனா ஆர்க்கிட் தோட்டம் அங்கேர்ந்து உள்ளே ரொம்ப தூரம், அம்மாவுக்கு ஆகாது. அன்னிக்கு மட்டும் டாக்ஸி பிடிச்சு நாசிம் வாசல்ல இறங்கிக்கோ. ஆர்க்கிட் தோட்டத்துக்கு டிக்கெட் உண்டு, மாணவர் அட்டையைக் காட்டிக் கேளு, உனக்குக் குறையும்.