ஹைலக்ஸ் 2 இன்ச் தூக்குன பிறகு முன் டயர் உள்பக்கம் மட்டும் தேயுது

பிஎம்_ரெவோ:
வணக்கம் அண்ணன்மாரே. என் வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் ரெவோ பிக்கப், முன்னால 2 இன்ச் தூக்கி 265/70 ஆர்17 ஏடி (ஆல் டெரெய்ன்) டயர் போட்டிருக்கு. இடது முன் டயர் உள்பக்கம் மொட்டையாயிடுச்சு, வெளிப்பக்க வெட்டெல்லாம் புதுசு மாதிரி ஆழமா இருக்கு. புக்கிட் மெர்தாஜாம்ல ஒரு கடையில அலைன்மென்ட் பண்ணி எல்லாம் பச்சைன்னு பேப்பர் குடுத்தாங்க, ஆனா பினாங்கு பாலத்துல ஏறுனா வலது பக்கமா இழுக்குது. சக்கரத்த மேல புடிச்சிருக்கிற அப்பர் ஆர்ம் மாத்தணும்ங்கிறாங்க, விலைய கேட்டா தலை சுத்துது. மாத்தித்தான் ஆகணுமா?

செந்தூல்_காடி:
ஆர்ம் பக்கமே போகாதீங்க இப்போதைக்கு. தேய்ஞ்ச இடத்துல உள்ளங்கைய குறுக்கால தேய்ச்சு பாருங்க, ஒரு பக்கம் போறப்ப வழவழன்னும் திரும்பி வர்றப்ப ரம்பம் மாதிரி சொரசொரன்னும் இருந்தா அது டோ, அதாவது மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிறது. ரெண்டு பக்கமும் வழவழன்னு சரிவா தேய்ஞ்சிருந்தா கேம்பர், அதாவது முன்னால இருந்து பார்த்தா சக்கரம் சாய்ஞ்சு நிக்கிறது, மைனஸ்னா மேல் பக்கம் உள்ள சாய்ஞ்சிருக்கு. நம்ம ரோடு இடது பக்கம் சரியும், அதையும் மீறி வலது பக்கம் இழுக்குதுன்னா எனக்கு கேம்பர் மேலதான் சந்தேகம். அந்த பேப்பர்ல கேம்பர், காஸ்டர் (ஸ்டீரிங் திரும்புற அச்சு முன்பின்னா சாய்ஞ்சிருக்கிற கோணம்) நம்பர் என்ன?

பிஎம்_ரெவோ:
கை வழவழன்னுதான் போகுதுண்ணே. பேப்பர்ல கேம்பர் இடது -1.4, வலது -0.5 டிகிரி. இடது கட்டம் சிவப்பு! பச்சைன்னு அவங்க காட்டுனது கீழ இருக்கிற டோ மட்டும்தான்.

செந்தூல்_காடி:
அதானே பார்த்தேன். நிறைய கடையில ஸ்டீரிங்க சக்கரத்தோட இணைக்கிற டை ராட திருப்பி டோவ மட்டும் சரி பண்ணி அனுப்பிடுவாங்க, ஏன்னா கேம்பர் தொடணும்னா லோவர் ஆர்ம்ல இருக்கிற கேம் போல்ட்ட (திருப்புனா ஆர்ம் நகரும்) லூஸ் பண்ணணும், அது புஷ்ஷோட (ரப்பர் வச்ச குழாய்) துரு புடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், யாருக்கு அந்த தலவலி. முதநாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு ஊற விடுங்க, அசையலன்னா அறுத்து எடுத்து புது போல்ட்டும் புஷ்ஷும் போடணும், அப்பவும் அப்பர் ஆர்ம் விலையில ஒரு மூலைக்குத்தான் வரும். ஒவ்வொரு லோவர் ஆர்ம்லயும் முன்னால ஒன்னு பின்னால ஒன்னுன்னு ரெண்டு கேம் இருக்கு, கேம்பரும் காஸ்டரும் அதுலதான் வருது, ஒன்ன இழுத்தா இன்னொன்னு நகரும். முதல்ல அது ரெண்டும், கடைசியாதான் டோ. கேம் முழுசா திருப்பியும் நம்பர் வரலன்னா அப்ப வாங்குங்க அப்பர் ஆர்ம்.

கிள்ளான்_லோரி:
அண்ணன் சொல்றது சரி. ஒன்னு சேர்த்துக்கிறேன், கேம் போல்ட்ட கடைசியா இறுக்குறப்ப வண்டி நாலு சக்கரத்துல நிக்கணும், ஜாக்குல தொங்க விட்டு இறுக்குனா புஷ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சிரும். பின்னால எப்பவும் சாமான் ஏத்துற ஆளா இருந்தா அந்த பாரத்தோடயே அலைன்மென்டுக்கு போங்க. தூக்குனா காஸ்டரும் குறைஞ்சிருக்கும், ஹைவேல ஸ்டீரிங் லேசாகி அலையுதா பாருங்க.

தஞ்சோங்_தம்பி:
டயர சுத்தி மேடு பள்ளமா இருந்தா அப்சார்பர், அது வேற கதை.

பிஎம்_ரெவோ:
மேடு பள்ளம் இல்ல. 90 தாண்டுனா ஸ்டீரிங் அலையுது, அது டயருனால இல்லையா அப்போ. பின்னால டூல் பெட்டியும் பைப்பும் எப்பவும் இருக்கும், அதோடயே போறேன். பட்டர்வொர்த் பக்கம் கேம் போல்ட்ட அறுக்க சலிச்சுக்காத பெங்கெல் (ஒர்க்ஷாப்) தெரிஞ்சா பிஎம் பண்ணுங்கண்ணே.